அரட்டை லைப்ரரியில் கீப்அலைவும் டைம்அவுட்டும்

டி.சி.பி. இணைப்பு என்பது இரண்டு கணினிகளின் நினைவகத்தில் இருக்கும் ஒரு பதிவு. அந்த இரண்டு பதிவுகளுக்கும் நடுவே இழுத்துக் கட்டிய கம்பி எதுவும் இல்லை. ஒரு முனை பேசாமல் இருந்தால், அது இருக்கிறதா போய்விட்டதா என்று மறுமுனைக்குத் தெரியாது. முறையாக விடைபெறும் முனை ஃபின் பாக்கெட் அனுப்பும். நிரல் நடுவில் செத்துவிழுந்தாலும் அதன் சார்பில் இயங்குதளம் ஃபின்னோ ரீசெட்டோ அனுப்பிவிடும். வழியில் இருக்கும் ஒரு ரவுட்டருக்கு மின்சாரம் போய்விட்டால் மட்டும் யாரும் எதையும் அனுப்புவதில்லை. அரட்டைச் செயலியில் பச்சைப் புள்ளி எரிந்துகொண்டே இருக்கும், செய்தி வராது.

இணையப் பக்கத்தைத் திறக்கும் நிரலுக்கு இது பெரிய தொல்லை இல்லை. கேட்டதற்குப் பதில் வராவிட்டால் பிழை காட்டிவிட்டுப் போகலாம். அரட்டை நிரலோ கேட்காமலே வரப்போகும் செய்திக்காகக் காத்திருக்கிறது. செய்தி வரவில்லை என்றால் யாரும் எழுதவில்லை என்றும் பொருள், இணைப்பு செத்துவிட்டது என்றும் பொருள். இந்த இரண்டையும் பிரித்துச் சொல்வதுதான் கீப்அலைவின் முதல் வேலை. இணைப்பை உயிரோடு தக்கவைப்பது அடுத்த வேலைதான். இந்த வரிசை தலைகீழாகப் புரிந்துகொள்ளப்படுவதால், பிங் (இருக்கிறாயா என்று கேட்கும் சிறு செய்தி) அனுப்பிவிட்டுப் பதில் வந்ததா என்று பார்க்காத லைப்ரரிகள் இன்றும் எழுதப்படுகின்றன.

டி.சி.பி.யிலேயே கீப்அலைவ் இருக்கிறதே, அதைத் திறந்துவிட்டால் போதாதா என்ற கேள்வி எழும். 1989-இல் வெளியான ஆர்.எஃப்.சி. 1122 அந்த வசதி இயல்பாக அணைந்திருக்க வேண்டும் என்றும், இயல்பு இடைவெளி இரண்டு மணி நேரத்துக்குக் குறையக் கூடாது என்றும் விதிக்கிறது. லினக்ஸ் அதை அப்படியே பின்பற்றுகிறது: 7,200 நொடி அமைதிக்குப் பிறகு முதல் சோதனை, பிறகு 75 நொடிக்கு ஒன்றாக ஒன்பது சோதனைகள். இறந்த இணைப்பைக் கண்டுபிடிக்க 2 மணி 11 நிமிடம் 15 நொடி ஆகும். அரட்டைக்கு இது உதவாது. இந்த எண்களைச் சாக்கெட் வாரியாகக் குறைக்க முடியும். குறைத்தாலும் எது தப்பிவிடுகிறது என்பது பின்னால் வரும்.

இணைப்பு சாகும் இடங்கள்

மந்தைவெளியில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் மாலையில் கரண்ட் போகிறது என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் இன்வெர்ட்டர் உண்டு, ஃபைபர் மோடமும் அதில்தான் ஓடுகிறது. வைஃபை அணையவில்லை, போனில் கோடுகள் முழுதாக நிற்கின்றன. தெருமுனைக் கம்பத்தில் இருக்கும் கேபிள்காரரின் பெட்டிக்கு மட்டும் மின்சாரம் இல்லை. போனைப் பொறுத்தவரை நெட்வொர்க் இருக்கிறது, ஐ.பி. முகவரி மாறவில்லை, சாக்கெட் திறந்திருக்கிறது. இப்போது லைப்ரரி ஒரு செய்தியைச் சாக்கெட்டில் எழுதினால் அந்த அழைப்பு வெற்றி என்றே திரும்பும். செய்தி கெர்னலின் பஃபரில் விழுந்துவிட்டது என்பதற்கு மேல் அந்த வெற்றிக்குப் பொருள் கிடையாது. கெர்னல் அதைத் திரும்பத் திரும்ப அனுப்பிப் பார்க்கும். லினக்ஸின் இயல்பு அமைப்பில் கைவிடுவதற்கு ஏறத்தாழ 15 நிமிடம் பிடிக்கும். அதுவரை பயனரின் திரையில் "அனுப்பப்பட்டது" என்று காட்டும் லைப்ரரி பொய் சொல்லிக்கொண்டிருக்கிறது.

மோடமே அணைந்து புதிதாகக் கிளம்பினால் வேறு சங்கடம். எந்த உள்முகவரியின் எந்தப் போர்ட் வெளியே எதற்கு இணைந்திருந்தது என்ற நாட் அட்டவணை அழிந்திருக்கும். சர்வர் அனுப்பும் செய்தி வாசல்வரை வந்து விழுந்துவிடும். போன் தானாக ஏதாவது அனுப்பும்வரை அதற்கு விஷயம் தெரியாது.

வீட்டை விட்டு வெளியே வந்து போன் வைஃபையிலிருந்து மொபைல் டேட்டாவுக்கு மாறும் கணத்தில் ஐ.பி. முகவரி மாறுகிறது, பழைய சாக்கெட் அங்கேயே முடிந்தது. ஆனால் திருமயிலையில் பறக்கும் ரயில் ஏறி, கோட்டூர்புரம், கஸ்தூரிபாய் நகர் வழியாகத் தரமணியில் இறங்கும் பயணியின் போன் வழியெல்லாம் டவர் மாற்றிக்கொண்டே போனாலும், ஒரே நிறுவனத்தின் வலையமைப்புக்குள் அதன் முகவரி பொதுவாக மாறுவதில்லை. சில பாக்கெட்டுகள் தாமதமாகும், சில தொலையும், டி.சி.பி. அவற்றைத் திருப்பி அனுப்பிச் சரிக்கட்டிவிடும். இந்தப் பயணத்தில் இணைப்பைக் கொல்வது பெரும்பாலும் அவசரப்படும் லைப்ரரிதான்.

இவை கண்ணுக்குத் தெரியும் இடங்கள். தெரியாத இடங்கள் நடுவழியில் உள்ளன. ஐ.பி.வி4 முகவரிப் பஞ்சத்தால் மொபைல் நிறுவனங்களும் பல ஃபைபர் நிறுவனங்களும் ஆயிரக்கணக்கான வாடிக்கையாளர்களைச் சில பொது முகவரிகளுக்குப் பின்னால் வைக்கின்றன. மோடத்தின் வெளிமுகவரி 100.64 முதல் 100.127 வரையிலான எண்ணில் தொடங்கினால் அந்த வீடு அப்படிப்பட்ட பெரிய நாட் கருவிக்குப் பின்னால் இருக்கிறது. 2012-இல் ஆர்.எஃப்.சி. 6598 அந்த முகவரிகளை இதற்கென்றே ஒதுக்கியது. நிலைபெற்ற டி.சி.பி. இணைப்பை 2 மணி 4 நிமிடத்துக்கு முன் மறக்கக் கூடாது என்று 2008-ஆம் ஆண்டின் ஆர்.எஃப்.சி. 5382 சொல்கிறது. களத்தில் உள்ள கருவிகள் சில நிமிடங்களிலேயே மறந்துவிடுவதுண்டு. சர்வர் பக்கத்திலும் காவல்காரர்கள் உண்டு. என்ஜின்எக்ஸ் ப்ராக்ஸியின் இயல்பு வாசிப்புக் காலக்கெடு 60 நொடி. அமேசானின் அப்ளிகேஷன் லோட் பேலன்சரும் இயல்பாக 60 நொடி பொறுக்கும், அதன் நெட்வொர்க் லோட் பேலன்சர் 350 நொடி, மைக்ரோசாஃப்ட் அஷூர் 4 நிமிடம். இணைப்பின் ஆயுளைத் தீர்மானிப்பது இந்த வரிசையில் மிகக் குறைந்த எண்தான்.

ஒரு டைம்அவுட் போதாது

லைப்ரரியின் அமைப்புகளில் "டைம்அவுட்" என்று ஒரே ஒரு எண் இருந்தால், அதை எழுதியவர் பிரச்சினையை இன்னும் பிரித்துப் பார்க்கவில்லை என்று கொள்ளலாம். காத்திருப்புகள் பலவகை, ஒவ்வொன்றுக்கும் தனிக் கடிகாரம் தேவை.

முதலில் பெயர்த் தேடல். டி.என்.எஸ். அழைப்பு பல இயங்குதளங்களில் நிரலை நிறுத்திவைக்கும் அழைப்பு, நடுவில் ரத்து செய்ய முடியாது. அதைத் தனி இழையில் ஓடவிட்டு, நேரம் கடந்தால் விடையைக் கண்டுகொள்ளாமல் மேலே செல்வதுதான் வழி. அடுத்தது டி.சி.பி. இணைப்பு. லினக்ஸை அதன் போக்கில் விட்டால் பதில் சொல்லாத முகவரிக்காக இரண்டு நிமிடத்துக்கு மேல் காத்திருக்கும். அரட்டைப் பயனர் பத்து நொடியில் பொறுமை இழந்துவிடுவார். சர்வருக்கு ஐ.பி.வி6, ஐ.பி.வி4 இரண்டு முகவரிகளும் இருந்தால் ஒன்று தோற்றபின் மற்றொன்று என்று வரிசையில் நிற்க வேண்டாம். கால் நொடி இடைவெளியில் இரண்டையும் ஓடவிட்டு, முந்தியதை எடுத்துக்கொள்ளச் சொல்கிறது 2017-ஆம் ஆண்டின் ஆர்.எஃப்.சி. 8305. 2016-இல் சேவை தொடங்கிய ஜியோவின் வலையமைப்பு பெரும்பாலும் ஐ.பி.வி6 வழியே ஓடுவதால், இந்தியாவில் இதை அலட்சியப்படுத்த முடியாது.

பிறகு டி.எல்.எஸ். கைகுலுக்கல், வெப்சாக்கெட்டுக்கு மாறுதல், கடைசியில் உள்நுழைவு. எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு மொத்தக் கெடு இருப்பது அவசியம். உள்நுழைவு முடியாத இணைப்பை "இணைந்தது" என்று செயலிக்கு அறிவிக்கக் கூடாது. சாக்கெட் திறந்துவிட்டது, சர்வரின் தரவுத்தளம் திணறுகிறது, உள்நுழைவுக்கு விடையே வரவில்லை என்ற நிலையில் என்றென்றும் தொங்கும் லைப்ரரிகள் உண்டு. சாக்கெட் திறந்ததுமே கெடுவை நிறுத்திவிடுவதுதான் காரணம்.

இணைந்தபின் மூன்று கடிகாரங்கள் ஓட வேண்டும்: எவ்வளவு அமைதிக்குப் பிறகு பிங், பிங்குக்குப் பதில் எவ்வளவு நேரத்தில், அனுப்பிய செய்திக்கு ஒப்புகை எவ்வளவு நேரத்தில். அமைதியை அளக்கும் கடிகாரத்தில் ஒரு நுணுக்கம் உண்டு. வந்த பைட்டுகள் மட்டுமே உயிருக்குச் சான்று, அனுப்பியவை சான்றாகா. "கடைசி அசைவு" என்று ஒரே மாறியை வைத்து, அனுப்பும்போதும் பெறும்போதும் அதைப் புதுப்பிக்கும் நிரலில், பயனர் தட்டச்சு செய்துகொண்டே இருந்தால் பிங்கே போகாது. செத்த இணைப்பில் அவர் எழுதும் ஒவ்வொரு வரியும் அதன் ஆயுளை நீட்டித்துக்கொண்டிருக்கும். மறுபுறம், சர்வரிலிருந்து எந்தச் செய்தி வந்தாலும் அது பாங், அதாவது பிங்குக்கான பதில், வந்ததற்குச் சமம். பரபரப்பான குழுவில் தனியாகப் பிங் அனுப்பத் தேவையே வராது.

எந்தக் கடிகாரம் என்பதும் முக்கியம். பயனர் தேதியை மாற்றினால் தாவும் சுவர்க் கடிகாரத்தை இங்கே பயன்படுத்தக் கூடாது என்பது பலருக்கும் தெரியும். ஒருபோக்குக் கடிகாரத்திலும் இரண்டு வகை உண்டு என்பதுதான் தெரிவதில்லை. லினக்ஸின் மோனோடானிக் கடிகாரம் கருவி உறங்கும் நேரத்தைக் கணக்கில் கொள்ளாது, பூட்டைம் கடிகாரம் கொள்ளும். ஆண்ட்ராய்டில் அப்டைம் மில்லிஸ், எலாப்ஸ்ட் ரியல்டைம் என்ற இரண்டுக்கும் அதே வேறுபாடு. இரவெல்லாம் உறங்கிய போன் காலையில் விழிக்கும்போது, தவறான கடிகாரத்தைப் பிடித்த லைப்ரரிக்குச் சில நொடிகளே கழிந்திருக்கும், எட்டு மணி நேரப் பழைய சாக்கெட்டை நம்பிக்கொண்டிருக்கும். விழித்ததும் உண்மையான கால இடைவெளியைப் பார்த்து, அது பிங் இடைவெளியைத் தாண்டியிருந்தால் உடனே ஒரு பிங் அனுப்பிச் சோதிப்பது சரியான வழி.

பிங்கை அனுப்புவது யார்

ஃபின்லாந்தின் ஓலு நகரில் 1988-இல் ஜார்க்கோ ஒய்கரினென் உருவாக்கிய ஐ.ஆர்.சி., பிங்-பாங் முறையை அரட்டை உலகில் பரவலாக்கியது. அங்கே சர்வர் பிங் அனுப்பும், கிளையன்ட் பாங் சொல்ல வேண்டும், சொல்லாதவர் "பிங் டைம்அவுட்" என்ற குறிப்புடன் சர்வரிலிருந்து வெளியேற்றப்படுவார். அந்த ஏற்பாட்டில் சர்வருக்குத்தான் கிளையன்ட் செத்தது தெரியும். தானே பிங் அனுப்பாத கிளையன்டுக்குச் சர்வர் செத்ததை அறிய வழியில்லை. எக்ஸ்.எம்.பி.பி. நெறிமுறை வெற்று இடைவெளி எழுத்து ஒன்றை அனுப்பும் சிக்கனமான கீப்அலைவை அனுமதிக்கிறது. அது நாட் கருவியை விழித்திருக்க வைக்கும், பதிலைக் கேட்டு வாங்காது. அதற்காகவே எக்ஸ்.இ.பி. 199 என்ற தனிப் பிங் நீட்டிப்பு வந்தது.

டி.சி.பி. அடுக்கின் கீப்அலைவ் தப்பவிடுவது இந்த இடத்தில்தான். அதற்கு மறுமுனையின் கெர்னல் பதில் சொல்லிவிடும், சர்வர் நிரல் உறைந்துபோயிருந்தாலும் கெர்னலுக்குக் கவலையில்லை. நடுவில் ப்ராக்ஸி இருந்தால் பதில் ப்ராக்ஸியோடு நின்றுவிடும், பின்னாலிருக்கும் சர்வரின் நிலை தெரியாது. ப்ராக்ஸியின் அமைதிக் கெடுவும் பொதுவாக அதனால் நீளாது, ஏனெனில் ப்ராக்ஸி எண்ணுவது தரவு பைட்டுகளை. ஆகவே அரட்டைக்குப் பிங் பயன்பாட்டு அடுக்கில் இருந்தாக வேண்டும்.

2011 டிசம்பரில் வந்த வெப்சாக்கெட் தரத்தில் பிங், பாங் என்று தனி ஃப்ரேம்கள் இருக்கின்றன. ஆனால் உலாவியில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் அவற்றை அனுப்பவும் முடியாது, வந்ததைப் பார்க்கவும் முடியாது. சர்வரின் பிங்குக்கு உலாவியே பதில் சொல்லிவிடுகிறது. உலாவியையும் தாங்கும் லைப்ரரி எழுதுபவர் தன் நெறிமுறையில் சாதாரணச் செய்தி வடிவிலேயே ஒரு பிங்கை வைத்துக்கொள்வது நல்லது.

உலாவியில் இன்னொரு பொறி உண்டு. தி. நகர் உஸ்மான் சாலையில் ஒரு ஜவுளிக்கடையின் பில்லிங் கணினியை எண்ணிப் பார்க்கலாம். பில் போடும் பக்கம் முன்னால் இருக்கும், வாடிக்கையாளரின் கேள்விகள் வரும் அரட்டைப் பக்கம் பின்னால் வேறு டேபில் கிடக்கும். 2021 ஜனவரியில் வந்த குரோம் 88 முதல், ஐந்து நிமிடத்துக்கு மேல் மறைந்துகிடக்கும் டேபின் டைமர்கள் நிமிடத்துக்கு ஒருமுறைதான் ஓடக்கூடும். 30 நொடிக்கு ஒன்று என எழுதிய பிங் 60 நொடிக்கு ஒன்றாகிவிடும், ப்ராக்ஸியின் கெடுவும் 60 நொடி. காலையில் நன்றாக ஓடிய அரட்டை கடையில் கூட்டம் சேர்ந்ததும் அறுந்து அறுந்து சேரும். உலாவி டைமர்களை நம்ப முடியாது என்ற இதே காரணத்தால்தான் சாக்கெட் ஐ.ஓ. லைப்ரரி 2020-இன் மூன்றாம் பதிப்பில் முறையைத் திருப்பிப்போட்டது. அதுவரை கிளையன்ட் பிங் அனுப்பியது, அதன் பிறகு சர்வர் அனுப்புகிறது. சர்வரின் பிங் குறித்த நேரத்துக்குள் வராவிட்டால் கிளையன்டும் இணைப்பு செத்ததாக முடிவு செய்துகொள்கிறது. செய்தி வந்து எழுப்பும் நிரலுக்கு டைமர் முடக்கம் பெரிய தடையில்லை என்பதால் இந்த ஏற்பாடு வேலை செய்கிறது. புதிதாக நெறிமுறை வகுப்பவர் இதையே பின்பற்றலாம்.

இடைவெளியைக் கணக்கிடுவது

பிங் இடைவெளியை ஊகித்து எழுத வேண்டியதில்லை. வழியிலுள்ள மிகக் குறைந்த அமைதிக் கெடுவை எடுத்து, ஒரு பிங் தொலைந்தாலும் அடுத்தது நேரத்துக்குள் போய்ச் சேரும்படி அதைப் பாதிக்குக் கீழே வைத்தால் போதும். 60 நொடி ப்ராக்ஸிக்கு 25 நொடி பொருந்தும், சாக்கெட் ஐ.ஓ.வின் இயல்பு மதிப்பும் அதுதான். அது பதிலுக்கு 20 நொடி பொறுக்கிறது. அதாவது இறந்த இணைப்பு அதிகபட்சம் 45 நொடியில் தெரிந்துவிடும். ப்ராக்ஸி தன் கட்டுப்பாட்டில் இருந்தால் அதன் கெடுவை உயர்த்துவதுதான் முதல் வேலை. அதைச் செய்யாமல் கிளையன்டை மாரடிக்க வைப்பது வீண்.

ஏன் வீண் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. 4ஜி போனில் ஒரு சிறு பாக்கெட் போனாலும் ரேடியோ உயர்மின் நிலைக்கு வந்து, பேச்சு முடிந்தபின் ஏறத்தாழ பத்து நொடி அந்த நிலையிலேயே நிற்கும். 30 நொடிக்கு ஒரு பிங் என்றால் மணிக்கு 120 முறை, 1,200 நொடி, அதாவது ஒவ்வொரு மணி நேரத்திலும் 20 நிமிடம் ரேடியோ விழித்திருக்கும். நான்கு நிமிடத்துக்கு ஒன்று என்றால் மணிக்கு இரண்டரை நிமிடம்தான். பிங்கின் பைட் அளவு நூறுக்குச் சற்று முன்பின், அது ஒரு பொருட்டே இல்லை. பேட்டரியைத் தின்பது அளவல்ல, எத்தனை முறை என்பது. சர்வர் பக்கமும் அப்படித்தான்: பத்து லட்சம் இணைப்புகள் 30 நொடிக்கு ஒரு பிங் அனுப்பினால் நொடிக்கு 33,333 பிங்குகள், யாரும் ஒரு வார்த்தை பேசாமலே.

அதனால் இடைவெளியைச் சர்வர் சொல்வதே நல்லது. டிஸ்கார்ட் அரட்டைச் சேவை, இணைந்த உடனேயே இத்தனை மில்லி நொடிக்கு ஒருமுறை எனக் கிளையன்டுக்கு அறிவித்துவிடுகிறது. எம்.க்யூ.டி.டி. நெறிமுறையில் கிளையன்ட் தன் இடைவெளியை இணையும்போதே சொல்கிறது, சர்வர் அதைப்போல் ஒன்றரை மடங்கு காத்திருக்கிறது. ஜி.ஆர்.பி.சி. சர்வர்கள் ஒருபடி மேலே போய், அனுமதித்ததைவிட அடிக்கடி பிங் அடிக்கும் கிளையன்டை வெளியே தள்ளிவிடுகின்றன. இயல்பாக அவை எதிர்பார்க்கும் குறைந்தபட்ச இடைவெளி ஐந்து நிமிடம்.

செயலி பின்னணிக்குப் போனபின் இந்தக் கணக்கெல்லாம் செல்லாது. 2015-இல் வந்த ஆண்ட்ராய்டு 6-இன் டோஸ் வசதி அசையாமல் கிடக்கும் போனில் நெட்வொர்க்கைத் தடுக்கிறது. ஐ.ஓ.எஸ். பின்னணிச் செயலியையே உறைய வைக்கிறது. இவற்றோடு மல்லுக்கட்டி வென்றவர் இல்லை. சர்வருக்கு முறையாகச் சொல்லி இணைப்பை மூடிவிட்டு, கூகுள், ஆப்பிள் நிறுவனங்களின் புஷ் அறிவிப்பு வழியாகச் செய்தி வரும்படி விட்டுவிடுவதே அறிவுடைமை.

பதிலுக்கு எவ்வளவு பொறுப்பது

பங்குனிப் பெருவிழாவில் அறுபத்துமூவர் உற்சவ நாளன்று மயிலாப்பூர் மாட வீதிகளில் நிற்கும் கூட்டம் முழுதும் ஒருசில டவர்களின் கீழ் இருக்கிறது. சிக்னல் கோடுகள் குறையாது. மற்ற நாளில் சில பத்து மில்லி நொடியில் போய்வரும் பிங், நெரிசல் முற்றும்போது பல நொடி எடுத்துக்கொள்ளலாம். பாங் வராததால் மூன்று நொடியில் இணைப்பை அறுத்துவிடும் லைப்ரரி, புதிதாக இணைய டி.என்.எஸ்., டி.சி.பி., டி.எல்.எஸ்., வெப்சாக்கெட், உள்நுழைவு என்று குறைந்தது ஐந்து முறை போய்வர வேண்டும். அதுவும் மூன்று நொடிக் கெடுவுக்குள் முடியாது, மீண்டும் அறுக்கும். மெதுவாகவாவது ஓடிக்கொண்டிருந்த அரட்டை முற்றிலும் நின்றுவிடும், நெரிசலும் கூடும். ஆற்றுப்படுத்த வேண்டிய இடத்தில் அவசரம் காட்டினால் நேர்வது இதுதான்.

கெடுவை நிலையான எண்ணாக வைக்காமல் அளந்து நகர்த்தலாம். டி.சி.பி. தன் மறு அனுப்பலுக்குப் பயன்படுத்தும் ஆர்.எஃப்.சி. 6298-இன் சூத்திரம் இங்கேயும் கைகொடுக்கும். சராசரிப் பயண நேரத்தில் எட்டில் ஒரு பங்கு புதிய அளவைக் கலந்துகொண்டே வருவது, ஏற்ற இறக்கத்தை நான்கில் ஒரு பங்கு விகிதத்தில் தனியாகக் கணிப்பது, சராசரியோடு ஏற்ற இறக்கத்தின் நான்கு மடங்கைக் கூட்டிக் கெடுவாக வைப்பது. அரட்டைக்குக் கீழ்வரம்பு ஐந்து நொடி, மேல்வரம்பு முப்பது நொடி என்று கட்டிவிட்டால் இரு பக்கமும் விபரீதம் வராது.

இன்னும் நல்லது, உயிர்-சாவு இரண்டுக்கும் நடுவே "ஐயம்" என்ற மூன்றாம் நிலையை வைப்பது. முதல் பாங் தவறியதும் அந்த நிலைக்குப் போய், உடனே இன்னொரு பிங் அனுப்பி, அதுவும் தவறினால்தான் அறுப்பது. செயலி அந்த நிலையில் பயனரிடம் எதையும் காட்ட வேண்டாம். அரை நொடிக்கு ஒருமுறை தோன்றி மறையும் "இணைக்கிறது..." பட்டை யாருக்கும் பயன்படுவதில்லை.

மீண்டும் சேர்வது

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது சென்னையின் பல பகுதிகளில் மின்சாரமும் செல்போன் சேவையும் நின்றுபோயின. அப்படி நின்ற சேவை ஒரு பகுதியில் திரும்பும் கணத்தில் அங்குள்ள அத்தனை போன்களும் ஒன்றாகச் சர்வரைத் தட்டும், தீபாவளிக்கு முந்தின நாள் ரங்கநாதன் தெருவுக்குள் எல்லாரும் ஒரே நேரத்தில் நுழையப் பார்ப்பதைப் போல. சர்வர் தானே மறுதொடக்கம் ஆனாலும் இதே கதிதான். 1, 2, 4, 8 நொடி என்று இரட்டித்துக் காத்திருப்பது மட்டும் இதைத் தீர்க்காது. எல்லாரும் ஒன்றாகவே இரட்டிப்பதால் அலைகள் ஒன்றாகவே வரும். ஒவ்வொரு முறையும் பூஜ்யத்துக்கும் அப்போதைய உச்ச வரம்புக்கும் இடையே ஏதோ ஒரு நேரத்தைத் தற்போக்காகத் தேர்ந்தெடுத்தால்தான் கூட்டம் கலையும். முன்னணியில் உள்ள செயலிக்கு 60 நொடி உச்சவரம்பு தாராளம். இணைந்தபின் முதல் பிங் அனுப்புவதிலும் இதே தற்போக்கு வேண்டும், டிஸ்கார்டின் நெறிமுறை அதை விதியாகவே வைத்திருக்கிறது.

சென்னையில் தலைமையிடம் கொண்ட ஸோஹோவின் "அரட்டை" என்ற செயலி 2021-இல் வெளிவந்தது. 2025 செப்டம்பரில் புதிய பதிவுகள் மூன்றே நாளில் நாளொன்றுக்கு 3,000-லிருந்து 3,50,000 ஆனதாக ஸோஹோ நிறுவனர்களில் ஒருவரான ஸ்ரீதர் வேம்பு அறிவித்தார். சர்வர்களை அவசரமாகக் கூட்டும் அப்படிப்பட்ட நாட்களில், கிளையன்ட் லைப்ரரி அடங்கிப் போகிறதா ஆவேசப்படுகிறதா என்பது சேவை தாக்குப்பிடிப்பதா விழுவதா என்பதைத் தீர்மானிக்கும். பயனரின் போனில் ஏற்கெனவே இறங்கிவிட்ட லைப்ரரியை அன்றைக்கு மாற்ற முடியாது.

காத்திருப்பு எண்ணிக்கையை எப்போது பூஜ்யத்துக்குக் கொண்டுவருவது என்பதில் பலர் சறுக்குகிறார்கள். சாக்கெட் திறந்தவுடன் பூஜ்யமாக்கினால், இணைந்த மறுநொடியே அறுக்கும் சர்வரிடம் லைப்ரரி நொடிக்கு ஒருமுறை மோதும். உள்நுழைவு முடிந்து அரை நிமிடமாவது நிலைத்தபின் பூஜ்யமாக்குவது பாதுகாப்பு. நெட்வொர்க் மாறியதாக இயங்குதளம் அறிவித்தால் மட்டும் காத்திருப்பைத் தாண்டி உடனே ஒருமுறை முயலலாம்.

எல்லாப் பிரிவுக்கும் மறுஇணைப்பு மருந்தாகாது. வெப்சாக்கெட் மூடல் குறி 1012 என்றால் சர்வர் மறுதொடக்கம், 1013 என்றால் பிறகு வா, இரண்டிலும் பொறுத்து முயலலாம். கடவுச்சொல் தவறு என்றால் ஆயிரம் முறை முயன்றாலும் தவறுதான், செயலியிடம் சொல்லிவிட்டு நிற்க வேண்டும். எக்ஸ்.எம்.பி.பி.யின் "மோதல்" பிழை இன்னும் வேடிக்கையானது. ஒரே கணக்கு ஒரே ரிசோர்ஸ் பெயரில் வேறு கருவியில் நுழைந்தால் பழைய இணைப்பை சர்வர் வெளியேற்றும். வெளியேறியது தானாக மறுபடி நுழைந்தால் மற்றது வெளியேறும். வீட்டு மடிக்கணினியும் அலுவலகக் கணினியும் இரவெல்லாம் ஒன்றையொன்று துரத்திக்கொண்டிருக்கும்.

நடுவழியில் நின்ற செய்தி

இணைப்பு அறுந்தபோது அனுப்பிக்கொண்டிருந்த செய்தி போய்ச் சேர்ந்ததா என்பது கிளையன்டுக்குத் தெரியாது. திரும்ப அனுப்பினால் இரண்டாகலாம், அனுப்பாவிட்டால் தொலையலாம். ஒவ்வொரு செய்திக்கும் கிளையன்டே ஓர் அடையாள எண் கொடுத்து, ஒப்புகை வரும்வரை வரிசையில் வைத்திருந்து, மீண்டும் இணைந்ததும் அதே எண்ணோடு அனுப்புவதுதான் இதற்கு விடை. ஒரே எண் இரண்டாம் முறை வந்தால் சர்வர் ஒதுக்கிவிடும். எக்ஸ்.எம்.பி.பி.யில் எக்ஸ்.இ.பி. 198 இதையே இணைப்பு அளவில் செய்கிறது. இதுவரை எத்தனை பெற்றேன் என்று இரு முனைகளும் எண்ணிக்கொள்கின்றன, பழைய அமர்வையே தொடரவும் முடிகிறது. செய்தியின் ஒப்புகைக் கெடு தாண்டினால் உடனே தோல்வி என்று சிவப்புக் குறி போடாமல், அதை இணைப்பின் மீதான ஐயமாக எடுத்துக்கொண்டு பிங் அனுப்பிப் பார்ப்பது பயனருக்கு நல்லது.

சோதித்துப் பார்ப்பது

சர்வர் நிரலைக் கொன்றுவிட்டு லைப்ரரி மீண்டும் இணைகிறதா என்று பார்ப்பது சோதனையே ஆகாது. கெர்னல் ஃபின்னோ ரீசெட்டோ அனுப்பிவிடுவதால் அது எளிதான வழக்கு. ஃபயர்வாலில் பாக்கெட்டுகளை மறுக்காமல் சத்தமின்றிக் கீழே போடும் விதியை எழுதி, எத்தனை நொடியில் லைப்ரரி விழித்துக்கொள்கிறது என்று அளக்க வேண்டும். அடுத்து, சர்வர் நிரலைக் கொல்லாமல் ஸ்டாப் கட்டளையால் உறைய வைக்க வேண்டும். கெர்னல் பதில் சொல்லிக்கொண்டிருக்க நிரல் மட்டும் செத்திருக்கும் அந்த நிலையில் டி.சி.பி. கீப்அலைவை மட்டும் நம்பிய லைப்ரரி மாட்டிக்கொள்ளும். லினக்ஸின் நெட்எம் கருவியால் மூன்று நொடித் தாமதத்தையும் இருபது சதவீத இழப்பையும் புகுத்தினால் மாட வீதி நெரிசல் மேசைமேலேயே கிடைக்கும். டைமர் சார்ந்த அலகுச் சோதனைகளுக்குப் போலிக் கடிகாரம் வைத்துக்கொண்டால் 45 நொடிக் கெடுவைச் சோதிக்க 45 நொடி உட்கார்ந்திருக்க வேண்டாம்.

பிறகு போனை எடுத்துக்கொண்டு வெளியே போக வேண்டும். கிண்டியிலிருந்து மெட்ரோ ஏறினால் சின்னமலை நிலையம் உயரத்தில் இருக்கிறது, அடுத்த சைதாப்பேட்டை நிலத்துக்குக் கீழே. ரயில் சரிந்து சுரங்கத்துக்குள் இறங்கும் அந்த இடத்திலும், அங்கிருந்து நந்தனம், தேனாம்பேட்டை வழியாக ஏ.ஜி.-டி.எம்.எஸ். வரையிலும் இணைப்பு எத்தனை முறை ஐயத்துக்குப் போனது, எத்தனை முறை அறுந்தது என்ற பதிவை எடுத்துப் பார்க்கலாம். ஐயம் அதிகமாகவும் அறுதல் குறைவாகவும் இருந்தால் கெடுக்கள் சரியாக அமைந்திருக்கின்றன.

ஆவணத்தில் இயல்பு மதிப்புகளை எழுதும்போது அலகையும் கூடவே எழுத வேண்டும். சாக்கெட் ஐ.ஓ. மில்லி நொடியில் எண்ணுகிறது, பைத்தானின் வெப்சாக்கெட்ஸ் லைப்ரரி நொடியில் எண்ணுகிறது. ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறும்போது 20 என்று எழுதுபவரின் பிங் 20 மில்லி நொடிக்கு ஒருமுறை போகும், 20,000 என்று எழுதுபவரின் பிங் ஐந்தரை மணி நேரத்துக்கு ஒருமுறை போகும்.